விரிதாள் பயில்வோர் நூல் தேரும் முறை

ஒரு கலையைக் கற்கப் புகுவோன் முதற்கண் செய்யவேண்டுவது அக்கலைக்கேற்ற நல்ல நூலைத் தெரிந்துகொள்ளுதல். இஃது எளிய காரியம்போலத் தோன்றினும் உண்மையில் அரிதேயாம். நூலின் குணங்குற்றங்களை அறிதற்கு அக்கலையில் ஓரளவு பயிற்சி வேண்டும். அப்பயிற்சியோ நூலைக் கற்ற பின்னரன்றி வாராது. ஆதலின் தொடக்க மாணாக்கர் அட்டையின் அழகையும், பக்கங்களின் தொகையையும், கடைக்காரர் சொல்லையுமே துணையாகக் கொண்டு நூல் வாங்குகின்றனர். வாங்கிய நூல் சில நாட்களில் அலமாரியின் மூலையை அடைகின்றது, கலையோ கைகூடுவதில்லை.

இவ்விடர் எல்லாக் கலைகட்கும் பொதுவெனினும், கணிப்பொறியில் விரிதாள் பயில்வார்க்கு மிகப் பெரிது. வணிகவியல் மாணாக்கர் மட்டுமன்றிப் பொருளாதாரம், பௌதிகம், தாவரவியல் முதலியன கற்போரும் இந்நாளில் விரிதாளைக் கையாளவேண்டியவராயிருக்கின்றனர். கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர் எவ்வலுவலகத்திற் புகுந்தாலும் அது மேசைமேற் காத்திருக்கின்றது. ஆகவே, ஒரு நூலுக்குமேல் வாங்க வசதியில்லாத மாணாக்கனொருவன் அவ்வொன்றனை எவ்வாறு தேர்ந்துகொள்ளல் தகும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1. விரிதாளாவது யாது?

விரிதாள் என்னும் பெயர் கணிப்பொறிக்கு முற்பட்டது. கணக்கர் தம் ஏட்டின் இரு பக்கங்களையும் சேர விரித்து, அகலமாகக் கோடுகள் வரைந்து, இலக்கங்களை நிரைநிரையாக எழுதிய தாளே முதலில் அப்பெயர் பெற்றது. அதன் குறை யாதெனின், ஓரிலக்கம் மாறினால் அதனைச் சார்ந்த இலக்கங்களையெல்லாம் அழித்தெழுத வேண்டும் என்பதே. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் மாணாக்கராயிருந்த டான் பிரிக்ளின் என்பார், ஆசிரியர் கரும்பலகையில் இவ்வாறு அழித்தெழுதுந் தொல்லையைக் கண்டு, இலக்கங்கள் தாமே திருத்திக்கொள்ளும் பலகையொன்று இருத்தல் கூடுமோ என எண்ணலானார். அவ்வெண்ணத்தின் பயனாக, அவரும் பாப் பிராங்க்ஸ்டன் என்பாரும் சேர்ந்து இயற்றிய விசிகால்க் என்னும் மென்பொருள் 1979-ஆம் ஆண்டு ஆப்பிள் 2 கணிப்பொறிக்கென வெளிவந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3 என்பதும், 1985-இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென மைக்ரோசாப்டின் எக்செல் என்பதும் தோன்றின. இந்நாளில் எக்செல்லுடன், விலையின்றிக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் கால்க் என்பதும், இணையத்தின்வழி இயங்கும் கூகுள் ஷீட்ஸ் என்பதும் பெருவழக்கிலுள்ளன.

இவற்றின் பெயரும் தோற்றமும் வேறுபடினும் உட்பொருள் ஒன்றே. குறுக்காகச் செல்லும் நிரைகட்கு எண்களும், நெடுகச் செல்லும் நிரல்கட்கு ஆங்கில எழுத்துக்களும் பெயராகும். நிரையும் நிரலும் கூடுமிடம் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திற்கும், தெருவிலுள்ள வீட்டிற்குக் கதவிலக்கம் போல, ஒரு முகவரி உண்டு. கட்டத்தினுள் எழுத்தையேனும், எண்ணையேனும், மற்றைக் கட்டங்களைச் சுட்டிக் கணிக்கும் சூத்திரத்தையேனும் இடலாம். சுட்டப்பட்ட கட்டத்து எண் மாறின், சூத்திரத்தின் விடையும் உடனே மாறும். விரிதாளின் சிறப்பு முழுவதும் இவ்வொன்றில் அடங்கியுள்ளது; அதன் அபாயமும் இதிலேயே அடங்கியுள்ளது.

2. விடுதிக் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

தொடக்க நூல் எதனைக் கற்பித்தல் வேண்டும் என்பதை அறியாமல் நூலைத் தேர்தல் இயலாது. ஆதலின், மாணாக்கர் யாவரும் அறிந்த கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். விடுதியொன்றில் ஐம்பதின்மர் உண்கின்றனர். ஒரு மாதத்து உணவுச் செலவு 1,26,000 ரூபாய். அதனை அவரவர் உண்ட நாட்களுக்கேற்பப் பகிர்தல் வேண்டும் எனக் கொள்க. 'ஏ' நிரலில் பெயர்களையும், 'பி' நிரலில் இரண்டாம் நிரை முதல் ஐம்பத்தொன்றாம் நிரை வரை உண்ட நாட்களையும் எழுதுகின்றோம். கூட்டினால் 1,400 நாட்கள். செலவை இத்தொகையால் வகுக்க, நாளொன்றுக்கு 90 ரூபாய் வீதமாகின்றது. இவ்வகுத்தலைச் செய்யுஞ் சூத்திரத்தை 'இ1' என்னும் கட்டத்தில் அமைக்கின்றோம். 28 நாள் உண்டவன் 2,520 ரூபாயும், 27 நாள் உண்டவன் 2,430 ரூபாயும் கொடுத்தல் முறை.

முதல் மாணாக்கனுக்குரிய தொகையைக் காணச் 'சி2' என்னும் கட்டத்தில் =பி2*இ1 என்று எழுதுகின்றோம்; விடை சரியாக வருகின்றது. பின்னர் அச்சூத்திரத்தைக் கீழுள்ள நாற்பத்தொன்பது கட்டங்களுக்கும் படியெடுக்கின்றோம். அப்போது 'சி3' என்னும் கட்டத்தில் அமைவது =பி3*இ2 என்பதாம். வீதமிருப்பது 'இ1'-இல்; சூத்திரமோ 'இ2'-ஐச் சுட்டுகின்றது. இதற்குக் காரணம் யாது? பொறி முகவரியை அப்படியே மனத்திற்கொள்வதில்லை. 'எனக்கு இடப்புறத்துக் கட்டத்தையும், இரண்டு கட்டம் வலப்புறமாகவும் ஒரு நிரை மேலாகவும் உள்ள கட்டத்தையும் பெருக்குக' என்று இடத்தொடர்பையே கொள்கின்றது. சூத்திரம் இடம் பெயருமிடத்து, சுட்டும் கட்டமும் உடன் பெயரும். இதனைப் பெயருஞ் சுட்டு என்னலாம். பெயராது நிற்றல் வேண்டுமாயின், முகவரியின் எழுத்திற்கும் எண்ணிற்கும் முன்னே டாலர் குறியிட்டு $இ$1 என எழுதல் வேண்டும். இது நிலைச்சுட்டு. ஆங்கில நூல்கள் முன்னதை ரிலேட்டிவ் ரெபரன்ஸ் என்றும், பின்னதை அப்சலியூட் ரெபரன்ஸ் என்றும் கூறும்.

'இ2' வெறுங் கட்டமாயிருப்பின், விடை சுழியாக வரும். பிழை உடனே கண்ணிற்படும். ஆனால் அக்கட்டத்தில் யாரேனும் அம்மாதத்து விருந்தினர் தொகையாகிய 12 என்பதை எழுதிவைத்திருப்பின், 27 நாள் உண்டவனுக்கு 324 ரூபாய் என்று விடை வரும். பொறி அதனை ஐயப்படாது. விடையும் மற்றை விடைகளைப் போலவே அழகிய எழுத்தில் நிற்கும்.

இன்னுமொரு பிழையைக் காண்போம். ஒருவனுடைய 28 நாட்கள் எண்ணாகவன்றி எழுத்தாகப் பதிவாகிவிட்டன என்று கொள்க. வேறொரு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும்பொழுது இது நேர்வதுண்டு. 'சம்' என்னுங் கூட்டற் சார்பு எழுத்தாயுள்ளதை ஓசையின்றி விட்டுவிடும். கூட்டுத்தொகை 1,400-க்குப் பதிலாக 1,372 ஆகும். வீதம் 91 ரூபாய் 84 பைசா ஆகும். பெருக்கலிலோ, பொறி அவ்வெழுத்தையே எண்ணாகக் கருதிப் பெருக்கிவிடும். ஆகவே எக்கட்டத்திலும் பிழைக்குறி தோன்றாது. ஐம்பதின்மரும் நாளொன்றுக்கு 1 ரூபாய் 84 பைசா மிகுதியாகக் கொடுப்பர். வசூலாவது ஏறக்குறைய 1,28,571 ரூபாய். எவரும் களவாடவில்லை, எனினும் செலவாகாத 2,571 ரூபாய் ஏழை மாணாக்கர் கையினின்றும் வாங்கப்பட்டது.

இதனைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. 'சி' நிரல் முழுவதையும் கூட்டி, அது 1,26,000-உடன் ஒத்திருக்கின்றதா என்று பார்த்தல் போதும். மேற்கூறிய இரண்டு பிழைகளும் அவ்வொரு கூட்டலில் வெளிப்பட்டுவிடும். கணக்கெழுதி முடித்தபின் வேறொரு வழியாற் சரிபார்த்தல் பழங் கணக்கரின் வழக்கம். பொறி வந்தமையால் அவ்வழக்கம் ஒழியவேண்டுவதில்லை.

ஆகவே, தொடக்க நூல் கட்டாயம் கற்பிக்கவேண்டுவன மூன்று: சுட்டுக்கள் பெயருமாறும் நிற்குமாறும், எண், எழுத்து, தேதி என்பவற்றின் வேற்றுமை, விடையைச் சரிபார்க்கும் முறை. இம்மூன்றையும் நன்கு கற்றவன் ஏனையவற்றைத் தானே கற்றுக்கொள்வான். இவற்றைக் கல்லாதவன் நானூறு சார்புகளின் பெயரை நெட்டுருச் செய்தும் பயனில்லை.

3. பிழை செய்த தீங்கு

இவை விடுதிக் கணக்கோடு ஒழியும் சிறு பிழைகள் என்று கருதற்க. பொருளாதாரப் பேராசிரியர்களாகிய கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாப் என்னும் இருவரும் 2010-ஆம் ஆண்டு, அரசாங்கக் கடனுக்கும் நாட்டின் வளர்ச்சிக்குமுள்ள தொடர்பைக் குறித்துக் கட்டுரையொன்று வெளியிட்டனர். கடன், நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறைக் கடந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி நூற்றுக்கு 0.1 என்ற அளவிற் குறைவதாக அதிற் கண்டிருந்தது. பல நாட்டு ஆட்சியாளரும் அக்கட்டுரையை எடுத்துக்காட்டினர். 2013-இல், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து மாணாக்கராகிய தாமஸ் ஹெர்ண்டன், வகுப்பிற் கொடுத்த பயிற்சியின் பொருட்டு அக்கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. மூல விரிதாளைப் பெற்று நோக்கியபொழுது, சராசரி காணுஞ் சூத்திரம் நாற்பத்தொன்பதாம் நிரைவரை செல்லாமல் நாற்பத்து நான்காம் நிரையிலேயே நின்றுவிட்டமை தெரிந்தது. இருபது நாடுகளுள் ஐந்து விடுபட்டன. தரவுகளைச் சேர்த்த முறையிலும் நிறையிட்ட முறையிலும் வேறு குறைகளை அம்மாணாக்கரும் அவருடைய ஆசிரியர் இருவரும் காட்டினர்; யாவற்றையும் திருத்திய பின்னர் அச்சராசரி 2.2 ஆகும் என்று அவர்கள் கண்டனர். சூத்திரப் பிழையை மூல ஆசிரியரும் ஒப்புக்கொண்டனர். தம் முடிவின் பிற பகுதிகளை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வகுப்புப் பயிற்சியைச் செவ்வையாகச் செய்த ஒரு மாணாக்கரால் இவ்வுண்மை வெளிப்பட்டதென்பது நம்மனோர் கருதற்பாலது.

இங்கிலாந்தில் 2020-ஆம் ஆண்டு, செப்டம்பர் இறுதியினின்றும் அக்டோபர் தொடக்கம் வரையிலான சில நாட்களில், 15,841 கொரோனா நோயாளரின் செய்தி உரிய பட்டியலிற் சேராது விடுபட்டது. பழைய எக்செல் கோப்புவகை 65,536 நிரைகளுக்கு மேற் கொள்ளாது. மிகுந்தவை வெளியே நின்றுவிட்டன. அந்நோயாளரோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி அதனாற் காலந் தாழ்த்தது. 2007-ஆம் ஆண்டு முதல் வந்த கோப்புவகை 10,48,576 நிரைகளைக் கொள்ளும் என்பதை நினைவிற்கொள்ளுமிடத்து, தான் கையாளும் கருவியின் எல்லையை அறிதல் எத்துணை வேண்டற்பாலது என்பது விளங்கும்.

உயிர்நூல் வல்லாருக்கும் இவ்வாறு இடர் நேர்ந்தது. 'மார்ச்1', 'செப்ட்2' என்றாற்போன்ற குறுக்கப் பெயர்களையுடைய மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கில் இப்பிழையிருப்பதை 2016-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டியது. முடிவில், மரபணுக்களுக்குப் பெயரிடுங் குழுவினர் அப்பெயர்களையே மாற்றி, 2020-இல் அதற்கான விதிகளையும் வெளியிட்டனர். கருவியின் இயல்பை முன்னரே கற்பிக்கும் நூல் இவ்விடத்தே எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கும்!

4. நூல்களின் வகை

கடையிலும் நூலகத்திலும் காணப்படும் விரிதாள் நூல்களை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, படிப்படியாகச் செய்துகாட்டும் நூல். 'இதனை அழுத்துக, இது தோன்றும், அடுத்து இதனை அழுத்துக' என்று படங்களோடு செல்வது. மைக்ரோசாப்ட் பிரசுரமாகிய 'ஸ்டெப் பை ஸ்டெப்' வரிசை இவ்வகையினது. அச்சமுடைய தொடக்க மாணாக்கனுக்கு இது கைகொடுக்கும். ஆனால் காரணங்கூறாத நூலாயின், படத்திலுள்ளபடி திரை தோன்றாதவிடத்து மாணாக்கன் திகைத்து நிற்பன்.

இரண்டாவது, உரையாடுவதுபோல எளிய நடையில் விளக்கும் நூல். 'பார் டம்மீஸ்' என்னும் பெயர்பெற்ற வரிசை இதற்கு எடுத்துக்காட்டு. காரணங்களைக் கூறுவதும், அயர்வு தோன்றாமற் செல்வதும் இவற்றின் குணம். நகைச்சுவையும் உவமைகளும் அமெரிக்க வாழ்க்கையினின்றும் எடுக்கப்படுதலால், ஆங்கிலத்தில் இடர்ப்படும் மாணாக்கனுக்கு அவை சில வேளை உதவியாகாமற் சுமையாகும்.

மூன்றாவது, களஞ்சியம் போன்ற பெருநூல். ஜான் வாக்கன்பாக் என்பார் இயற்றிப் புகழ்பெற்ற 'எக்செல் பைபிள்' போன்றவை ஆயிரம் பக்கங்களைக் கடக்கும். ஐயம் வந்தபொழுது எடுத்துப் பார்த்தற்கு இவை மிகச் சிறந்தன. அகராதியைக் கொண்டு மொழி கற்கத் தொடங்குவாரில்லை. அதுபோல இவற்றையும் தொடக்க நூலாகக் கொள்ளல் பொருந்தாது. நூலகத்தில் இருக்கவேண்டியவை இவை.

நான்காவது, 'நூறு சூத்திரங்கள்', 'குறுக்கு வழிகள்' என்னுந் தலைப்போடு வரும் சிறுநூல். விலை குறைவு, கவர்ச்சி மிகுதி. முன்னரே கற்றவர்க்கு இவை பயன்படுமேயன்றி, கற்பார்க்கு அடிப்படையாகா.

நன்னூற் பாயிரம் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்திருத்தலை நம் மாணாக்கர் அறிவர். வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதலும், வேண்டாததை மிகுத்துச் சொல்லுதலும் அக்குற்றங்களுட் சேர்ந்தவை. நான்காம் வகை முன்னைக் குற்றத்திற்கும், மூன்றாம் வகை தொடக்க மாணாக்கனளவிற் பின்னைக் குற்றத்திற்கும் இடமாகின்றன. ஆகவே முதலிரண்டு வகைகளுள் ஒன்றைத் தேர்தலே தகுதி.

5. நூலைச் சோதிக்கும் முறை

அவ்விரு வகைகளுள்ளும் நல்லனவும் அல்லனவும் உண்டு. விலை கொடுக்குமுன் கால்மணி நேரம் செலவிட்டுப் பின்வரும் ஐந்து வினாக்களை நூலின்மேல் எழுப்புதல் வேண்டும்.

முதல் வினா: இந்நூல் நம்மிடமுள்ள மென்பொருளுக்குரியதா? 2007-ஆம் ஆண்டில் எக்செல்லின் தோற்றமே மாறியது. பழைய பட்டியல்களுக்குப் பதிலாக ரிப்பன் என்னும் பட்டை வந்தது. அதற்கு முற்பட்ட நூலின் படங்கள் இன்றைத் திரையோடு பொருந்தா. எக்ஸ்-லுக்கப் முதலிய சார்புகள் எக்செல் 2019-இலும் அதற்கு முற்பட்ட பதிப்புக்களிலும் இல்லை. ஆகவே புதிய நூலை வாங்கி, பழைய எக்செல்லில் அவற்றைத் தேடி அலைதலும் வீண். நம்மிடமுள்ளது லிபர் ஆபீஸ் கால்க் ஆயின், எக்செல் நூலிலுள்ள சூத்திரங்களிற் பெரும்பாலன செல்லும், படங்கள் செல்லா. எனினும், பழைய நூலில் அடிப்படைகள் நன்கு விளக்கப்பட்டிருப்பின், அதனை இரவலாகப் பெற்றேனும் படித்தல் நன்று. பொத்தான்கள் இடம் மாறுகின்றன; டாலர் குறியின் பொருள் மாறுவதில்லை.

இரண்டாம் வினா: அடிப்படைகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன? நூலின் இறுதியிலுள்ள சொல்லகராதியில் 'அப்சலியூட் ரெபரன்ஸ்' என்பதைத் தேடுக. அச்சொல்லே இல்லையெனின் நூலை மூடிவிடலாம். இருப்பின், அப்பக்கத்தைத் திறந்து படிக்க. வண்ணமிடுதலும் வரைபடம் எழுதுதலும் முடிந்து, நூலின் பிற்பகுதியில் அது வருமாயின், அந்நூலாசிரியர் கூரையினின்றும் வீடு கட்டுபவராவர். 'எப்-4 என்னும் விசையை அழுத்துக' என்பதோடு நிற்கின்றாரா, சுட்டுப் பெயர்தற்குக் காரணங் கூறுகின்றாரா என்பதை நோக்குக. படித்தபின் நூலை மூடி, உடன்வந்த நண்பனுக்கு அதனை நம் சொல்லால் விளக்க முயல்க. நண்பனுக்கு விளங்கின், அந்நூல் நமக்கேற்ற நூல்.

மூன்றாம் வினா: பயிற்சிகளும் விடைகளும் உண்டா? நீந்தக் கற்பதற்குக் கரையிலிருந்து கேட்டல் உதவாது. பயிற்சிக்குரிய கோப்புக்களைப் பதிப்பாளர் இணையத்தில் வைத்திருப்பின், அவை இன்னுங் கிடைக்கின்றனவா என்று கைப்பேசியிற் பார்த்துக்கொள்க. பயிற்சிகள், முன்பு செய்துகாட்டியதைத் திரும்பச் செய்வனவாக மட்டும் இராமல், சிறிது சிந்தனையை வேண்டுவனவாகவும் இருத்தல் நலம்.

நான்காம் வினா: தேதியையும் எண்ணையும் குறித்து நூல் யாது கூறுகின்றது? விரிதாள் தேதியை எண்ணாகவே கொள்ளும். எக்செல்லில் 1900 ஜனவரி 1 என்பது 1 ஆகும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக ஏறும். இவ்வுண்மையை அறிந்தாலன்றி, இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்களைக் கழித்தலாற் காணும் முறை விளங்காது. அமெரிக்க நூல்கள் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவன. அமெரிக்க முறைக்கமைந்த கணிப்பொறியில் நாம் 05/04/2025 என்று ஏப்ரல் ஐந்தாம் நாளை எழுதினால், பொறி அதனை மே நான்காம் நாளாகக் கொள்ளும். 13/04/2025 என்று எழுதினாலோ, பதின்மூன்றாம் மாதம் இன்மையால் அதனை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நிரலிற் சில தேதிகள் பிறழ்ந்தும் சில எழுத்தாகியும் நிற்கும் இக்குழப்பம் நம் நாட்டு மாணாக்கரைப் பெரிதும் வருத்துவது. இலட்சம், கோடி என்னும் முறையிற் காற்புள்ளியிடுதலும் அவ்வாறே கணிப்பொறியின் நாட்டு அமைப்பைப் பொறுத்தது. இவ்வமைப்பை மாற்றும் வழியை ஒரு பக்கத்திலேனும் கூறும் நூல் நமக்கு மிகவும் உதவும்.

ஐந்தாம் வினா: பிழையைக் குறித்து நூல் பேசுகின்றதா? இதுவே தலையாய வினா. பிழைக்குறிகளின் பொருளை மட்டும் பட்டியலாகத் தருதல் போதாது. குறியொன்றும் தோன்றாமல் வரும் பிழையைக் கண்டுபிடிக்கும் வழியையும் கூறுதல் வேண்டும். உள்ளிடும் எண்களை ஓரிடத்தும் கணிப்பை வேறிடத்தும் வைத்தல், சூத்திரத்தினுள்ளே எண்ணைப் புதைத்து வையாமை, தகாத எண் புகாதபடி கட்டத்திற்கு வரம்பிடுதல், கூட்டுத்தொகையை இருவழியாற் காணுதல் என்னும் பழக்கங்களை எடுத்துக்காட்டோடு கற்பிக்கும் நூல் நன்னூலாம். 'பொறி சொல்வது பொய்யாது' என்னும் எண்ணத்தை வளர்க்கும் நூல் எத்துணை அழகியதாயினும் விலக்கற்பாலது.

6. விலையும் படிக்கும் முறையும்

விலை கொடுக்க இயலாத மாணாக்கர் வருந்தவேண்டுவதில்லை. லிபர் ஆபீஸ் கால்க் என்னும் மென்பொருளோடு, அதன் தொண்டர் குழுவினர் எழுதிய வழிகாட்டி நூலும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது. 2018-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தையொட்டித் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில், ஓப்பன் ஆபீஸ் கால்க் என்பதைக்கொண்டு விரிதாள் தமிழில் விளக்கப்பட்டுள்ளது. முதலில் தாய்மொழியிற் கருத்தை அறிந்து, பின்னர் ஆங்கில நூலிற் புகுதல் பலர்க்கும் ஏற்ற வழி.

இணையத்திற் காணொளிகள் மலிந்திருக்க நூல் எதற்கு என வினவுவாருமுளர். காணொளி கையின் தொழிலைக் காட்டுதற்கு மிக நன்று. அதனை நாம் இகழ்கின்றோமில்லை. ஆயின் அது தன் வேகத்தில் நம்மை இழுத்துச் செல்லும். ஐயம் எழுந்தவிடத்தைத் திரும்பக் காண்டல் அரிது. ஒன்றன்பின் ஒன்றாய் வருங் காணொளிகளிடையே முறைவைப்பும் இருப்பதில்லை. நூலோ முன்பின் முறையுடையது. ஒரு பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் நமக்காகக் காத்திருக்கும். நூலை முதலாகவும் காணொளியைத் துணையாகவுங் கொள்ளல் தகுதி.

நூலைப் பெற்றபின் படிக்கும் முறையிலும் கருத்து வேண்டும். கணிப்பொறியின்முன் அமர்ந்தன்றிப் படியற்க. எடுத்துக்காட்டுக்களை ஒட்டாமல், கையால் தட்டெழுதுக. பிழை நேர்ந்து திருத்தும்பொழுதே கல்வி உண்டாகின்றது. ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு நிரையையேனும் தாளிற் கணித்து, பொறியின் விடையோடு ஒப்பிடுக. சூத்திரத்தைப் படியெடுத்தவுடன் முதற் கட்டம், இடைக் கட்டம், கடைக் கட்டம் மூன்றையும் திறந்து நோக்குக. ரைன்ஹார்ட், ரோகாப் ஆகியோரின் விரிதாளில் யாரேனும் கடைக் கட்டத்தை நோக்கியிருப்பின், ஐந்து நாடுகள் விடுபட்டிரா. அதிகாரம் ஒன்று முடிந்தவுடன், நூலிலுள்ள கற்பனைக் கணக்கை விட்டு, நம் சொந்தக் கணக்கொன்றை எடுத்து அதே முறையிற் செய்து பார்க்க. விடுதிக் கணக்கோ, ஆய்வுக்கூடத்து அளவைகளோ, சங்கத்தின் சந்தாக் கணக்கோ எதுவாயினும் ஆகுக. சொந்தக் கணக்கிலன்றி மெய்யான ஐயங்கள் எழுவதில்லை.

இறுதியாக ஒன்று கூறுவோம். விரிதாளைக் கையாள்வோன் பெரும்பாலும் பிறருடைய பொருளையே கையாள்கின்றான். தொழிலாளியின் கூலி, மாணாக்கனின் மதிப்பெண், நோயாளியின் மருந்தளவு, கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினரின் சேமிப்பு ஆகிய இவையெல்லாம் அவனுடைய கட்டங்களுள் எண்களாக நிற்கின்றன. அவ்வெண்ணுக்குரியவர் அக்கட்டத்தைத் திறந்து பார்க்கப்போவதில்லை; அவனுடைய நேர்மையையும் கவனத்தையும் நம்பியிருக்கின்றனர். விரைவைக் கற்பிக்கும் நூல்கள் பல. விடையை ஐயுற்று ஆராயக் கற்பிப்பன சில. அச்சிலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, மூன்று திங்கள் பொறுமையோடு பயில்வார்க்கு, மென்பொருள் எத்தனை முறை உருமாறினும் கற்ற கல்வி பழமைப்படாது. நம் மாணாக்கர் இம்முறையைக் கைக்கொண்டு, கணக்கில் வல்லாரெனவும் நம்பத்தக்காரெனவும் பெயர் பெறுவாராக.